கொரியாவின் வியர்வைக் கூடங்கள்

தென்கொரியாவுக்குப் போய் வருபவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு இடம் ஜிம்ஜில்பாங். கட்டணம் கட்டி உள்ளே போனால் ஒரு டி-ஷர்ட், ஒரு அரைக்கால் சட்டை, இரண்டு சின்னத் துண்டு, கையில் மாட்டிக்கொள்ள ஒரு சாவி தருவார்கள். குளிக்கலாம், வியர்க்கலாம், சாப்பிடலாம், டி.வி. பார்க்கலாம். இரவு முழுவதும் திறந்திருக்கும் இடமாக இருந்தால் சூடான தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பலாம்.

'ஜிம்ஜில்' என்றால் கொரிய மொழியில் ஒத்தடம் என்று பொருள். 'பாங்' என்றால் அறை. ஆக, ஜிம்ஜில்பாங் என்பது ஒத்தடம் கொடுக்கும் அறை. நம் வீடுகளில் இடுப்பு பிடித்துக்கொண்டால் தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள் அல்லவா? அதையே உடம்பு முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கும் அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயரும் கட்டடமும் 1990களில் வந்தவை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அது இன்பத்துக்காகத் தொடங்கியதும் அல்ல. வைத்தியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத ஏழை நோயாளிகளுக்காக புத்த பிட்சுகள் நடத்திய வியர்வைக் கூடங்களில் இருந்துதான் அது வருகிறது.

ஓடையில் குளித்தவர்கள்

கொரியாவை கோர்யோ அரச வம்சம் ஆண்ட காலத்தில், 1123-ஆம் ஆண்டு, சீனாவின் சோங் பேரரசில் இருந்து ஒரு தூதுக்குழு அங்கே போனது. அதில் இருந்த சூ ஜிங் என்ற அதிகாரி தான் பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். கோர்யோ மக்கள் தினமும் குளிக்கிறார்கள், கோடையில் இரண்டு முறை குளிக்கிறார்கள், சீனர்களை அழுக்கானவர்கள் என்று கேலி செய்கிறார்கள் என்பது அவருடைய குறிப்பு. கோடைக்காலத்தில் ஆணும் பெண்ணும் ஓடைக்கரையில் உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றாகக் குளிப்பதை யாரும் தவறாக நினைக்கவில்லை என்பதையும் அவர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

1392-இல் ஜோசோன் வம்சம் ஆட்சிக்கு வந்தது. கன்ஃபூசிய நெறி அரசின் கொள்கை ஆனது. ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிப்பது மட்டுமல்ல, உடையை முழுவதும் களைந்து குளிப்பதே கண்ணியக்குறைவு என்ற எண்ணம் மேல்தட்டு மக்களிடம் பரவியது. முகம், கை, கால், தலை என்று உடம்பைப் பகுதி பகுதியாகக் கழுவும் வழக்கம் வந்தது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ பண்டிகையன்று பெண்கள் 'சாங்போ' என்ற செடியைக் கொதிக்க வைத்த நீரில் தலை அலசுவார்கள். இந்தச் சாங்போ வேறு எதுவும் அல்ல, நம் பாட்டிமார்கள் குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்கும் வசம்புதான்.

ஆனால் ஒன்றை மட்டும் கன்ஃபூசிய நெறியாலும் தடுக்க முடியவில்லை. அது நோய்க்காகக் குளிப்பதும், நோய்க்காக வியர்ப்பதும்.

ராஜாவும் வெந்நீர் ஊற்றும்

ஜோசோன் அரசர்களில் பலர் தோல் நோயாலும் கண் நோயாலும் அவதிப்பட்டவர்கள். வைத்தியர்கள் அவர்களுக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கச் சொன்னார்கள். சியோலுக்குத் தெற்கே இருக்கும் ஒன்யாங் என்ற ஊர் இதனால் புகழ் பெற்றது. கொரிய எழுத்தை உருவாக்கிய மாமன்னர் செஜோங் (ஆட்சிக்காலம் 1418-1450) 1433-இல் அங்கே போனார். 1665-இல் மன்னர் ஹ்யோன்ஜோங் போனார்.

ராஜா ஒரு ஊருக்கு வருகிறார் என்றால் அந்த ஊர் மக்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாலை போட வேண்டும், மாளிகை கட்ட வேண்டும், கூட வரும் அதிகாரிகளுக்கும் குதிரைகளுக்கும் தீனி போட வேண்டும். அதனால் தங்கள் ஊரில் வெந்நீர் ஊற்று இருந்தால் அதை மக்கள் மறைத்தார்கள். தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் புப்யோங் என்ற ஊரில் ஊற்று இருப்பதாகச் செஜோங்குக்குத் தகவல் கிடைத்தது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. ஊர்க்காரர்கள் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்த அரசாங்கம், தண்டனையாக 1438-இல் அந்த ஊரின் நிர்வாகத் தகுதியைக் குறைத்தது. இவ்வளவுக்கும் அங்கே ஊற்று இருந்ததாகவே தெரியவில்லை. கொரிய வரலாற்றில் மிகவும் போற்றப்படும் அரசரின் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது.

ஹன்ஜுங்சோ

வெந்நீர் ஊற்று அரசருக்கும் பிரபுக்களுக்கும் சரி. சாதாரண மக்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு இருந்தது 'ஹன்ஜுங்சோ'. வியர்வை வரவழைக்கும் இடம் என்று பொருள்.

ஜோசோன் அரசவையில் நடந்ததை எல்லாம் நாள்தோறும் எழுதி வைத்த பெரிய ஆவணத் தொகுப்பு ஒன்று உண்டு. ஜோசோன் வம்ச வரலாற்றுக் குறிப்புகள் என்று அழைக்கப்படும் இது, 1392 தொடங்கி 1863 வரை 25 அரசர்களின் காலத்தைப் பதிவு செய்கிறது. 1997-இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இந்தக் குறிப்புகளில் செஜோங்கின் நான்காம் ஆட்சியாண்டில், அதாவது 1422-இல், ஹன்ஜுங்சோ பற்றிய பேச்சு வருகிறது.

தலைநகரில் ஏழைகளுக்கான மருத்துவ நிலையங்கள் இருந்தன. அவற்றோடு சேர்ந்த வியர்வைக் கூடங்களைப் புத்த பிட்சுகள் கவனித்துக்கொண்டார்கள். வியர்த்தால் நோய் போய்விடும் என்று நம்பி மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிட்சுகள் வந்தவர்களை எல்லாம், என்ன நோய், எவ்வளவு பலம் இருக்கிறது என்று விசாரிக்காமல் உள்ளே அனுப்பினார்கள். சிலர் குணமானார்கள். சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள்.

செய்தி அரசரிடம் வந்தது. செஜோங் என்ன செய்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் முக்கியமான இடம். அவர் உடனே இழுத்து மூடச் சொல்லவில்லை. தர்ம காரியம் என்று சொல்லி அப்படியே விட்டுவிடவும் இல்லை. இதனால் உண்மையில் நன்மை உண்டா இல்லையா என்று முதலில் விசாரிக்கச் சொன்னார். பயன் இல்லையென்றால் மூட வேண்டும். பயன் உண்டு என்றால் நல்ல மருத்துவர்கள் நாள்தோறும் அங்கே போய் நோயாளியைப் பார்க்க வேண்டும். வியர்க்க வேண்டிய நோயாக இருந்தால் வியர்க்க விட வேண்டும், நோய் முற்றி உடல் தளர்ந்தவரைத் தடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

விசாரணைக்குப் பிறகு அதே ஆண்டில் ஏற்பாடும் ஆனது. நகர வாயிலுக்கு வெளியே ஒரு கூடம், உள்ளே இரண்டு கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் அரசு மருத்துவர் இருவர். சரியாகப் பார்க்காமல் நோயாளிக்குக் கேடு விளைவித்தால் மருத்துவர், பிட்சு இருவருக்கும் தண்டனை. புத்த மடங்களை ஒடுக்கி வந்த ஒரு அரசு, பிட்சுகளின் இந்தச் சேவையை மட்டும் மருத்துவரைத் துணைக்கு வைத்துத் தொடர விட்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இன்னும் சில ஆண்டுகளில், ஏழை நோயாளிகளுக்கான கூடத்தை நடத்த உதவி வேண்டும் என்று பிட்சுகளே அரசிடம் கேட்டுக்கொண்டதாகவும் குறிப்பு இருக்கிறது.

சூளையும் தரையும்

இந்தக் கூடம் எப்படி இருந்திருக்கும்? பிற்காலத்தில் 'ஹன்ஜுங்மாக்' என்று அழைக்கப்பட்ட வியர்வைக் குடில்களைப் பார்த்தால் ஓரளவு புரியும். கல்லை அடுக்கி, களிமண் பூசி, கவிழ்த்து வைத்த பானை போலக் கட்டிய குவிமாடம் அது. குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே பைன் மரக் கட்டைகளைப் போட்டு எரிப்பார்கள். கல்லும் மண்ணும் நன்றாகச் சூடேறிய பிறகு சாம்பலை வாரி எடுத்துவிட்டுத் தரையில் வைக்கோல் பாய் விரிப்பார்கள். நெருப்பு இருக்காது, சுவரில் ஏறிய சூடு மட்டும் இருக்கும். சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே ஓடி வருவார்கள். கரி சுடும் சூளைகளிலும் இதே கதைதான். கரியை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில் சூளைக்காரர்கள் போய் உட்கார்ந்து உடம்பு வலியைப் போக்கிக்கொண்டார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 'ஒண்டோல்'. கொரியாவின் பழைய வீடுகளில் அடுப்பு தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும். அதில் எரியும் விறகின் சூடும் புகையும் அறைகளின் தரைக்கு அடியில் உள்ள கால்வாய்கள் வழியாகப் போய், மறுபக்கம் இருக்கும் புகைபோக்கியில் வெளியேறும். சோறு வேகும் அதே நெருப்பில் தரையும் சூடாகிவிடும். கால்வாய் மேல் பரப்பிய தட்டைக் கற்கள் அடுப்பு அணைந்த பிறகும் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சியோலில் ஜனவரி மாதம் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்படிப்பட்ட ஊரில் வீட்டிலேயே நல்ல இடம் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தரைதான். அது வீட்டுப் பெரியவருக்கும் விருந்தாளிக்கும் உரிய இடம். கொரியர்கள் நாற்காலியை விடத் தரையில் உட்காருவதையும், தரையில் படுப்பதையும் விரும்பியதற்கு இதுவே காரணம். 2018-இல் தென்கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

சூளையின் சூடு, தரையின் சூடு இரண்டும் சேர்ந்ததே இன்றைய ஜிம்ஜில்பாங். ஆனால் நடுவில் இன்னொன்று வந்து சேர்ந்தது. அது பொதுக் குளியலறை.

ஜப்பானியர் காலமும் அதற்குப் பிறகும்

1910-இல் ஜப்பான் கொரியாவை முழுவதுமாகத் தன் ஆட்சிக்குள் கொண்டு வந்தது. குடியேறிய ஜப்பானியர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி பொதுக் குளியலறைகளைத் திறந்தார்கள். நகர நிர்வாகமே நடத்திய முதல் பொதுக் குளியலறை 1924-இல் பியோங்யாங்கிலும் அடுத்த ஆண்டு சியோலிலும் வந்தது. தொடக்கத்தில் கொரியர்கள் தயங்கினார்கள். முன்பின் தெரியாதவர்களோடு உடையில்லாமல் குளிப்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். கொரியர்களை உள்ளே விட மறுத்த ஜப்பானிய முதலாளிகள் கொடுத்த அவமானம் இன்னொரு பக்கம்.

1945-இல் விடுதலை கிடைத்தது. 1950 முதல் 1953 வரை நடந்த போர் நாட்டைச் சின்னாபின்னமாக்கியது. அதன் பிறகு நகரங்களில் குவிந்த மக்களின் வீடுகளில் குளிக்க இடமும் இல்லை, வெந்நீரும் இல்லை. தெருமுனைக் குளியலறை அவசியம் ஆனது. அதை 'மோக்யோக்தாங்' என்பார்கள். வாரம் ஒரு முறை போவது வழக்கம். சந்திரப் புத்தாண்டுக்கும் அறுவடைத் திருநாளுக்கும் முன்னால் கூட்டம் அலைமோதும். நமக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல் எப்படியோ அப்படி.

கொரியக் குளியலில் சோப்பை விட முக்கியமானது தேய்ப்பு. வெந்நீரில் நன்றாக ஊறிய பிறகு தோலின் மேல் உள்ள இறந்த செல்களைத் தேய்த்து உருட்டி எடுப்பார்கள். இதற்குப் பயன்படும் சொரசொரப்பான சின்னத் துணிப்பைக்கு 'இத்தாலி டவல்' என்று பெயர். பெயரைப் பார்த்து இத்தாலியில் இருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். 1960களில் பூசான் நகரில் உருவானது. தைத்த துணி இத்தாலியில் இருந்து வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். நம் பீர்க்கங்கூட்டை விடக் கொஞ்சம் கடுமையானது. தேய்த்துவிடுவதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். முதுகுக்குக் கை எட்டாததால் அப்பா மகன் முதுகைத் தேய்ப்பதும், அம்மா மகள் முதுகைத் தேய்ப்பதும் கொரியர்கள் பலருக்கு மறக்க முடியாத பால்ய நினைவு. பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாதவரிடம் "முதுகு தேய்த்துவிடட்டுமா?" என்று கேட்பதும் அங்கே சகஜமாக இருந்தது.

ஜிம்ஜில்பாங் பிறந்தது

1980களில் பொருளாதாரம் வளர்ந்தது. அடுக்குமாடி வீடுகள் வந்தன, வீட்டுக்கு வீடு குளியலறையும் வெந்நீரும் வந்தன. இனி எதற்குத் தெருமுனைக் குளியலறை? வியாபாரம் குறைந்தபோது குளியலறைக்காரர்கள் பழைய வியர்வைக் குடிலையும் சூடான தரையையும் உள்ளே கொண்டு வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜிம்ஜில்பாங் உருவானது இப்படித்தான்.

குளிக்கும் பகுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். அங்கே உடை கிடையாது. அதைத் தாண்டினால் எல்லோரும் ஒரே மாதிரி உடை அணிந்து சேர்ந்து இருக்கும் பெரிய கூடம். குடும்பத்தோடு போகக்கூடிய இடமாக அது மாறியதற்கு இந்தப் பொதுக்கூடமே காரணம். அதைச் சுற்றி உப்பு அறை, செம்மண் அறை, கரி அறை, பச்சைக்கல் அறை என்று விதவிதமான அறைகள். ஒன்றில் 40 டிகிரி என்றால் இன்னொன்றில் 80 டிகிரி இருக்கும். சூடு தாங்காதவர்களுக்கு ஒரு ஐஸ் அறையும் உண்டு. தாகத்துக்கு 'ஷிக்யே' என்ற இனிப்பான அரிசி மால்ட் பானம் ஐஸ் போட்டுக் கிடைக்கும். சூட்டிலேயே நெடுநேரம் வைத்துப் பழுப்பாக வெந்த முட்டையும் கிடைக்கும். 2005-இல் ஒளிபரப்பான 'என் பெயர் கிம் சாம்-சூன்' என்ற தொலைக்காட்சித் தொடரில், துண்டின் இரு முனைகளையும் சுருட்டி ஆட்டுக்கொம்பு போலத் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சி வந்தது. அதற்குப் பிறகு ஜிம்ஜில்பாங் என்றாலே அந்தத் துண்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இதன் வளர்ச்சியில் ஒரு சோகமும் கலந்திருக்கிறது. 1997 நவம்பரில் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைத் தாக்கியது. அரசு ஐ.எம்.எஃப். அமைப்பிடம் கடன் கேட்டது. கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. 1998-இல் வேலையில்லாதோர் விகிதம் 7 சதவீதத்தைத் தொட்டது. வாழ்நாள் வேலை என்று நம்பியிருந்த நடுத்தர வயதுக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஹோட்டலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் இரவு முழுவதும் சூடான தரை, குளிக்க வெந்நீர், பார்க்க டி.வி. கிடைக்கும் இடமாக ஜிம்ஜில்பாங் இருந்தது. வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள், வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் என்று எல்லோரும் ஒரே தரையில், ஒரே உடையில் படுத்துத் தூங்கினார்கள். யார் மேனேஜர், யார் வேலை இழந்தவர் என்று அந்த உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாதுகாப்பு என்ற பழைய கேள்வி

செஜோங் 1422-இல் கேட்ட கேள்வி மறுபடியும் வந்தது. உள்ளே போகிறவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இரவில் பெற்றோர் துணை இல்லாமல் சிறுவர்கள் தங்கக்கூடாது என்று விதி வந்தது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் மது அருந்தியவர்களும் சூடான அறைக்குள் போகக்கூடாது என்று எச்சரிக்கைகள் எழுதி வைக்கப்பட்டன.

விதி இருந்தும் பயனில்லாமல் போனதும் உண்டு. 2017 டிசம்பர் 21 அன்று ஜெச்சோன் நகரில் குளியலறையும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தளத்தில் இருந்த பெண்கள் குளியல் பகுதியில் இருந்தவர்கள். அங்கே இருந்த அவசர வழியைப் பொருட்கள் வைக்கும் அலமாரிகள் மறைத்திருந்தன. தீயணைப்பு ஏற்பாடுகள் குறித்து நாடு முழுவதும் பெரும் விவாதம் எழுந்தது.

மூடும் கதவுகள்

2009-இல் பூசான் நகரில் பெரிய வணிக வளாகம் ஒன்றோடு சேர்ந்து திறக்கப்பட்ட 'ஸ்பா லேண்ட்' போல ஆடம்பரமான இடங்களுக்கு இப்போதும் கூட்டம் வருகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் போகிறார்கள். கஷ்டப்படுவது தெருமுனையில் இருக்கும் சிறிய இடங்கள்தான். 2020-இல் வந்த கொரோனா தொற்று மூடிய அறையில் பலர் சேர்ந்து மூச்சுவிடும் தொழிலையே முடக்கியது. அதற்குப் பிறகு எரிவாயு, மின்சாரக் கட்டணங்கள் ஏறின. தண்ணீரையும் கல்லையும் நாள் முழுவதும் சூடாக வைத்திருக்க வேண்டிய தொழில் இது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கொதிகலன் எரிந்தாக வேண்டும். பல இடங்கள் இரவு நேரத்தை நிறுத்தின, பல இடங்கள் நிரந்தரமாக மூடின.

வீட்டில் வெந்நீர் இருக்கும்போது ஒரு குளியலறை மூடினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இதற்கு முஜு என்ற மலைப்பகுதியில் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஜோங் கி-யோங் என்ற கட்டடக் கலைஞர் அங்கே அரசுக் கட்டடங்களை வடிவமைக்கும் பணியை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்து முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அமைத்தவர் அவர். அன்சோங் என்ற ஊரில் புதிய நிர்வாக அலுவலகம் கட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். அலுவலகம் எதற்கு, குளியலறை கட்டிக் கொடுங்கள் என்றார்கள் அவர்கள். ஊரில் குளியலறை இல்லாததால் வருடத்துக்குச் சில முறை வேன் பிடித்துத் தொலைவில் உள்ள நகரத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள், வயலில் உழைத்து முதுகு வளைந்த அந்த முதியவர்கள்.

அவர் அலுவலகத்துக்குள்ளேயே குளியலறை கட்டினார். இரண்டு கட்டப் பணம் போதவில்லை. அதனால் ஒன்றே கட்டி, ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பாலினம், இரட்டைப்படைத் தேதியில் இன்னொரு பாலினம் என்று முறை வைத்தார்கள். ஊர் முதியவர்கள் அரசு அலுவலகத்துக்குத் துண்டோடு போகத் தொடங்கினார்கள். 2011-இல் ஜோங் கி-யோங் காலமானார். அவர் காட்டிய வழியில் பிற கிராமங்களிலும் குறைந்த கட்டணத்தில் சிறு குளியலறைகளை உள்ளாட்சி நிர்வாகங்கள் கட்டின.

பிட்சுகளின் குடிலில் தொடங்கிய வரலாறு இப்படி மறுபடியும் ஏழைகளிடமும் முதியவர்களிடமும் வந்து நிற்கிறது. தனியாக வாழும் ஒரு முதியவருக்கு வெந்நீர் வீட்டிலும் கிடைக்கலாம். ஆனால் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளும், கை எட்டாத முதுகைத் தேய்த்துவிட இன்னொரு கையும் பொதுக் குளியலறையில்தான் கிடைக்கும். லாபம் இல்லை என்று அவற்றை மூட விடுவதா, அல்லது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போல ஊருக்குத் தேவையானது என்று அரசே நடத்துவதா என்பதுதான் இன்று கொரியாவின் சிறு ஊர்கள் முன்னால் இருக்கும் கேள்வி. செஜோங் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் தன் அதிகாரிகளிடம் சொன்னது இங்கேயும் பொருந்தும். முதலில் இதனால் மக்களுக்கு நன்மை உண்டா என்று விசாரிக்க வேண்டும். உண்டு என்று தெரிந்தால் அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.